பகடைக்கு யார் உடைமையாளர்? பாத்திர ஆட்டங்களின் உரிம வரலாறும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

முன்னுரை

2023 ஜனவரியில் மூன்று வார காலம், உலகெங்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் உரிம ஆவணத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தின் உடைமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கப் பார்க்கிறது என்ற செய்தி வெளியானதே காரணம். அதன்பின் ஏராளமான ஆட்டக்காரர்களும் எழுத்தாளர்களும் வேறு விதிநூல்களைத் தேடிச் சென்றார்கள்.

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் என்பது நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கூடிச் சொல்லும் கதை. ஒருவர் ஆட்ட நடத்துநர். உலகத்தையும் அதில் எதிர்ப்படுவோரையும் அவர் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தர். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். பலகை, காய் எதுவும் கட்டாயமில்லை. விதிநூலும் பகடையும் பேச்சும் போதும். விதிநூல் யாருடையது என்ற கேள்வி இந்த ஆட்டத்தில் இவ்வளவு பெரிதாவது இதனால்தான்.

நிறுவன ஆட்டத்துக்கு மாற்றுத் தேடியவர்கள் மூன்று வழிகளில் போனார்கள். பழைய விதிகளைத் தம் சொற்களில் திரும்ப எழுதியது ஒன்று. புதிய விதிகளை ஆக்கியது இன்னொன்று. விதிகளை அறவே விட்டுவிட்டு உலகத்தை மட்டும் எழுதியது மூன்றாவது. இந்த மூன்றாம் வழியில் மலேசியப் படைப்பாளிகள் ஆழமாகத் தடம் பதித்திருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொடர்ந்து சென்று, இன்று திறந்து கிடக்கும் உரிமை, கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு என்ன பொருள் தருகிறது என்று ஆராய்கிறது.

பொதுவில் இருந்த ஆட்டங்கள்

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பரமபதம் ஆகியவற்றுக்கு உடைமையாளர் கிடையாது. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கிழித்து, புளியங்கொட்டையையோ சோழியையோ காயாக வைத்து ஆடினார்கள். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். மாற்றியவர் யாரிடமும் கேட்கவில்லை. மலாய்க்காரர்களின் சொங்காக் நம் பல்லாங்குழியின் உறவு. மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களுக்குக் குழி வைத்த பலகையை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்படிப் பொதுவில் இருந்தவை பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் வணிகப் பெயர்களாயின. தாயத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பச்சீசி, அமெரிக்காவில் ‘பார்ச்சீசி’ என்ற பெயரில் 1874இல் வணிகக் குறியாகப் பதிவானது. பரமபதம் பிரிட்டன் வழியாகப் போய், 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனத்தின் ‘சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்’ ஆயிற்று. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் மில்டன் பிராட்லியை வாங்கியது. திவாலான கொலெக்கோ நிறுவனத்தின் சொத்துகளை 1989இல் வாங்கியபோது பார்ச்சீசியும் ஹாஸ்ப்ரோவின் கைக்கு வந்தது. பத்து ஆண்டு கழித்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் அதே நிறுவனத்தின் உடைமையானது.

இந்த வரலாற்றில் நாம் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பார்ச்சீசி என்ற பெயரும் அந்தப் பெட்டியின் படமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நான்கு கை கொண்ட கட்டத்தில் காயைச் சுற்றிவரச் செய்து வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. பெயர், படம், சொல்லமைப்பு ஆகியவற்றைச் சட்டம் காக்கும். ஆடும் முறையைக் காக்காது. பாத்திர ஆட்டங்களின் ஐம்பதாண்டு வழக்கும் இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

1974 முதல் 2000 வரை

அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும், மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் போர் விளையாட்டுகளிலிருந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. முதல் பதிப்பில் 1,000 பெட்டிகள். வெளியிட்டது கைகாக்ஸ் சேர்ந்து நடத்திய டிஎஸ்ஆர் நிறுவனம். ஆட்டம் பரவப் பரவ, விசிறிகள் சொந்தக் கதைகளையும் விதிகளையும் எழுதிப் பகிர்ந்தார்கள். டிஎஸ்ஆர் அதைக் கடுமையாக எதிர்த்தது. நிறுவனத்தை விட்டு விலகிய கைகாக்ஸ் வேறொரு ஆட்டம் எழுதியபோது, அவரது புதிய வெளியீட்டாளர் மீதே 1992இல் வழக்குத் தொடுத்தது. இணையம் வந்த பிறகு விசிறிகளின் பக்கங்களையும் நீக்கச் சொன்னது.

கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. விசார்ட்ஸின் துணைத் தலைவர் ரயன் டான்ஸி அப்போது ஒரு புதிய கொள்கையை முன்வைத்தார். பிறர் எழுதும் கதைகளும் துணைநூல்களும் அடிப்படை விதிநூலின் விற்பனையைப் பெருக்கும். ஆகவே அவர்களைத் துரத்துவதைவிட அழைப்பது லாபம் என்பது அவர் கணக்கு. மென்பொருள் உலகின் திறந்த உரிமங்களை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். மூன்றாம் பதிப்போடு 2000இல் வந்தது ஓபன் கேம் லைசென்ஸ், சுருக்கமாக ஓஜிஎல். விதிகளின் சாரமான ஒரு மூல ஆவணத்தை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், விற்கலாம், கட்டணம் இல்லை.

திரும்பிவந்த பழைய விதிகள்

அந்த உரிமம், கொடுத்தவரே எதிர்பாராத இடங்களுக்குப் போனது. பழைய பதிப்புகள் அச்சில் இல்லாமற்போன காலத்தில், 2006இல் ஆஸ்ரிக் என்ற நூலும் 2007இல் பேசிக் ஃபேண்டசி, லேபிரிந்த் லார்டு ஆகியவையும் வெளிவந்தன. எழுபதுகள், எண்பதுகளின் ஆடும் முறையைப் புதிய சொற்களில் எழுதித் தந்தவை இவை. பலவற்றின் பிடிஎப் இலவசம். இதுவே மாற்றுத் தேடலின் முதல் வழி.

2008இல் விசார்ட்ஸ் நான்காம் பதிப்பைக் கட்டுப்பாடு மிகுந்த வேறொரு உரிமத்தோடு வெளியிட்டது. அதை ஏற்க விரும்பாத பெய்சோ நிறுவனம், மூன்றாம் பதிப்பின் திறந்த விதிகளைச் செம்மைப்படுத்தி 2009இல் பாத்ஃபைண்டரை முழு ஆட்டமாகக் கொண்டுவந்தது. உரிமத்தை இறுக்கினால் ஆட்டக்காரர்கள் எழுந்து போவார்கள் என்பது அப்போதே மெய்யானது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு 2016இல் மறுபடி ஓஜிஎல் தரப்பட்டதில் அந்தப் பாடம் தெரிகிறது.

இரண்டாம் வழி தனியே வளர்ந்தது. 2010இல் வின்சென்ட் பேக்கர், மெகே பேக்கர் இருவரும் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்டு, இருபது முகப் பகடையைக் கைவிட்டு இரண்டு சாதாரணப் பகடைகளை எடுத்துக்கொண்டது. அதன் முறையில் ஆட்டம் எழுத யாரும் தங்களிடம் அனுமதி பெற வேண்டியதில்லை என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஃபேட், பிளேட்ஸ் இன் தி டார்க், கேர்ன் போன்றவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தன. 2023 வருவதற்குள் மாற்று ஆட்டங்களின் அலமாரி நிறைந்திருந்தது.

2023 ஜனவரி

2022 ஏப்ரலில் ஹாஸ்ப்ரோ, டி அண்ட் டி பியாண்ட் என்ற சந்தா சேவையை 14.63 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. இந்த ஆட்டத்திலிருந்து ஈட்டவேண்டிய அளவுக்கு ஈட்டவில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் விசார்ட்ஸ் தலைமை முதலீட்டாளர்களிடம் பேசியது. 2023 ஜனவரி 5ஆம் தேதி செய்தியாளர் லிண்டா கொடேகா, ஓஜிஎல் 1.1 வரைவின் உள்ளடக்கத்தை வெளியிட்டார்.

வரைவின்படி, ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் வருவாய்க் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டும் தொகையில் 25 விழுக்காடு வரை பங்கு தரவேண்டும். சிறு எழுத்தாளர்களைப் பங்குத்தொகையைவிட மற்ற மூன்று கூறுகளே அதிகம் தாக்கின. பழைய உரிமம் இனிச் செல்லாது. உரிமத்தை நிறுவனம் 30 நாள் அறிவிப்பில் மாற்றலாம். பிறர் எழுதியதை நிறுவனம் கட்டணமின்றி நிரந்தரமாகப் பயன்படுத்தலாம். கதையை எழுதியவருக்கே அதன் மீது உறுதியான பிடி இல்லாமற்போகும் நிலை இது.

பழைய உரிமத்தை முடக்க நிறுவனம் பிடித்த வழி அதன் வாசகத்திலேயே இருந்தது. 2000ஆம் ஆண்டு ஓஜிஎல் நிரந்தரமானது என்று சொன்னது. திரும்பப் பெறமுடியாதது என்று சொல்லவில்லை. அனுமதிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்ற அதன் ஒன்பதாம் பிரிவைக் கொண்டு, அனுமதியை விலக்கிக்கொள்வதாக வாதம் எழுந்தது. உரிமம் மாறினாலும் பழைய பதிப்பையே தொடரலாம் என்று விசார்ட்ஸே முன்பு தன் விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லை நம்பித் தொழில் நடத்தியவர்களின் கோபம் நியாயமானது.

எதிர்ப்பு விரைவாகத் திரண்டது. ஆட்டக்காரர்கள் கூட்டங்கூட்டமாகச் சந்தாவை ரத்து செய்தார்கள். கோபோல்டு பிரஸ் தன் சொந்த விதிநூலை எழுதப்போவதாக அறிவித்தது. ஜனவரி 12இல் பெய்சோ, எந்த ஆட்ட நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ‘ஓஆர்சி’ என்ற புதிய உரிமத்தை அறிவித்தது. 1,500க்கும் மேற்பட்ட வெளியீட்டாளர்கள் ஆதரவு தெரிவித்ததாகப் பின்னர் கூறியது. எட்டு மாதத்துக்கு வைத்திருந்த பாத்ஃபைண்டர் விதிநூல் இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. விசார்ட்ஸ் திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது 15,000க்கு மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அந்த உரிமத்தில் நூல் வெளியிட மாட்டோம் என்றவர்கள் 88 விழுக்காடு. ஜனவரி 27இல் நிறுவனம் பின்வாங்கியது. பழைய ஓஜிஎல் அப்படியே நீடித்தது. அதோடு, 400 பக்கமளவுள்ள ஐந்தாம் பதிப்பு மூல ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வெளியானது. இந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

மலேசியச் சட்டமும் சட்டைப்பையும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் கோலாலம்பூர் மேசையை எப்படித் தொடுகிறது? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 7(2A) பிரிவில், கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கோட்பாடு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை நீளாது என்கிறது. அமெரிக்காவில் தீர்ப்பான பேக்கர் எதிர் செல்டன் வழக்கும் இதே திசையில்தான் நிற்கிறது. இருபது முகப் பகடையை உருட்டி, திறமை எண்ணைக் கூட்டி, இலக்கோடு ஒப்பிடும் முறைக்கு இந்த நாட்டில் யாரும் வேலி போட முடியாது. அப்படியானால் உரிமம் எதற்கு? விதியின் சொல்லமைப்பை வரிக்கு வரி எடுத்தாளவும், எங்கே எல்லை முடிகிறது என்ற ஐயமின்றித் தொழில் செய்யவும் அது தேவைப்பட்டது. வழக்குச் செலவைத் தாங்க முடியாத சிறியவருக்குச் சட்டம் தரும் உரிமையைவிட உரிமம் தரும் நிம்மதி பெரிது. 2023இல் அந்த நிம்மதிதான் பறிபோக இருந்தது.

அடுத்தது விலை. ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு அப்போது 49.95 அமெரிக்க டாலருக்கு விற்றது. 2023இன் மாற்று விகிதத்தில் சுமார் 220 ரிங்கிட். ஆட்ட நடத்துநர் நூலும் அரக்கர் நூலும் சேர்த்து மூன்று நூல்கள் வாங்க 660 ரிங்கிட் ஆனது. அப்போது நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். சுபாங் ஜெயாவின் எஸ்எஸ்15இல் ஆட்டக் காப்பிக்கடையில் ஒரு மாலை உட்காரும் இளைஞருக்கு இது பெரிய சுமையாகத் தெரியாமல் இருக்கலாம். கிள்ளானில் பட்டறை வேலைக்குப் போகிற பையனுக்கு, பாதிச் சம்பளத்தை நெருங்கும் தொகை. இலவசமாகக் கிடைக்கும் மாற்று விதிநூல் இங்கே கொள்கைக் கேள்வியாக இருப்பதற்கு முன்பே, ஆட்டத்துக்குள் நுழையும் வாசலாக இருக்கிறது.

விதியில்லாத உலகங்கள்

2023 நெருக்கடிக்குச் சில ஆண்டுகள் முன்பே, மலேசியாவில் ஒரு படைப்பு முயற்சி உரிமச் சிக்கலைச் சுற்றிக் கடந்து போயிருந்தது. எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து உருவாக்கிய ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ வரிசை, கையடக்கமான சிறுநூல்களாக வந்தது. ஒவ்வொன்றும் தென்கிழக்காசியச் சாயல் கொண்ட ஒரு கற்பனை ஊர்: முதலைகளின் அரசு, காட்டூர், துறைமுகம். யார் என்ன விற்கிறார்கள், எந்த ஆவிக்கு என்ன படையல், எந்தச் சொல்லைச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் கறுக்கும் என்பன போன்ற விவரங்களால் அந்த ஊர்கள் எழுந்து நிற்கின்றன. எந்த நிறுவனத்தின் விதி எண்களும் அவற்றில் கிடையாது. எந்த விதிநூலை வைத்திருப்பவரும் எடுத்து ஆடலாம்.

இதே எழுத்தாளரின் ‘லார்ன் சாங் ஆஃப் தி பேச்சலர்’ 2019இல் ஹைட்ரா கோஆபரேடிவ் வெளியீடாக வந்தது. மையத்தில் ஆற்று முதலை ஒன்று. சரவாக்கின் பாத்தாங் லூப்பார் ஆற்று வட்டாரத்தில் 1992இல் கொல்லப்பட்ட பூஜாங் செனாங் முதலையின் நினைவு மலேசிய வாசகருக்கு உடனே வரும். கரையில் ஒரு வணிகக் கம்பெனி கடை விரித்திருக்கிறது. வெளியாள் வருவது, உள்ளூர்க்காரரை வெட்டுவது, புதையலோடு திரும்புவது என்ற பழைய கதை வாய்பாடு இந்த ஆற்றங்கரையில் சங்கடமாகிவிடுகிறது. ஏனென்றால் கம்பெனி வந்த கரைகளில் வாழ்ந்தவர்களின் பக்கத்திலிருந்து இது எழுதப்பட்டிருக்கிறது.

இது தனிமரம் அல்ல. ஆர்பிஜிசீ என்ற பொதுப் பெயரில் பிலிப்பீன்ஸ், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியப் படைப்பாளிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். நிறுவனத்துக்குள்ளும் ஒரு முயற்சி நடந்தது: 2022இல் விசார்ட்ஸ் வெளியிட்ட ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்’ தொகுப்பில் மிமி மோண்டல் வங்க நிலத்தின் சாயலில் ஒரு கதை எழுதினார். நல்ல வரவு அது. ஆனால் அந்தக் கதையின் உடைமையாளர் ஹாஸ்ப்ரோ. சிறுநூல் எழுதிய மலேசியர்களின் ஊர்களோ அவர்களுடையவை. நிறுவனம் 2023இல் எந்த உரிமத்தை விலக்கியிருந்தாலும் அந்த ஊர்களில் ஓர் ஓலைக்கூரை கூட அசைந்திருக்காது.

ஒரு காட்சி, மூன்று பகடைகள்

விதிகள் உலகப் பார்வையைச் சுமந்து வருகின்றன. இதைக் கிள்ளான் வரலாற்றிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. மே மாதம் நாதன் கைதானார். கலவரத்தில் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இதை ஆட்டமாக எழுதுவோம். காளிமுத்து என்ற பால்வெட்டுத் தொழிலாளி செம்மண் சாலையில் சைக்கிளில் வருகிறார். எதிரே துரையின் கார். ஆட்ட நடத்துநர் கேட்கிறார்: “இறங்குறீங்களா?” ஆட்டக்காரர் சொல்கிறார்: “இறங்கல. நேரா பாத்துக்கிட்டே மிதிக்கிறேன்.”

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதியில் இலக்கு 15 என்று வைத்தால், கூடுதல் எண் இல்லாதவருக்கு வெற்றி வாய்ப்பு 20இல் 6. வெற்றி அல்லது தோல்வி, நடுவில் ஒன்றுமில்லை. அந்த நூலின் பெரும்பகுதி கவசம், காயம், மந்திரம் பற்றியது. அவமானத்தை மறுக்கும் துணிவுக்கு அதில் இடம் குறைவு. அபோகலிப்ஸ் வேர்ல்டு முறையில் இரண்டு பகடை: 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் முழு வெற்றி, அதற்கு வாய்ப்பு 36இல் 6; 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, அதற்கு 36இல் 15. கார் ஒதுங்கிப் போகிறது. பின்னால் நின்ற கங்காணி பெயரைக் குறித்துக்கொள்கிறார். 1941இன் வாழ்க்கைக்கு இந்த இடைநிலை பொருத்தமாக இருக்கிறது.

இனித் தாயக்கட்டையை எடுப்போம். வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டு கட்டைக்கு 16 விழுகைகள். தாயம், அதாவது 1, விழ 16இல் 2 வாய்ப்பு. 1, 5, 6, 12 (இரண்டும் வெறுமை) விழுந்தால் மறுபடி உருட்டலாம். அதற்கு 16இல் 6. மறு உருட்டலைப் பேச்சுரிமையாக வைத்தால், விழுந்தவர் தொடர்ந்து கதையைச் சொல்வார். விழாதபோது அடுத்தவர் காளிமுத்துவின் துணைக்கு வருவார். வேலைநிறுத்தம் தனியாள் வீரமாக அல்லாமல் கையிலிருந்து கைக்கு மாறும் துணிவாக மேசையில் நடக்கும். தாயக்கட்டை பல தமிழ் வீடுகளில் ஏற்கெனவே கிடக்கிறது. இதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம்.

முடிவுரை

2023இல் ஆட்டக்காரர்கள் வென்றது வெறும் பழைய நிலை அல்ல. ஓர் ஒப்பந்தத்தால் தாங்கப்பட்டிருந்த பொதுமை, திரும்பப் பெறமுடியாத பொதுமையாக மாறியது. விசார்ட்ஸ் பின்னர் அந்த மூல ஆவணத்தை பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலும் வெளியிட்டது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை என்பதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பலன்: மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் அதைத் தமிழாக்கலாம், அச்சிடலாம், விற்கலாம்.

ஆயினும் தமிழாக்கம் முதல் படிதான். மலேசியச் சிறுநூல்கள் காட்டிய பாதை அதைவிட நீண்டது. விதியை யாரிடமிருந்து பெறுவது என்று கேட்பதை விட்டு, எந்த ஊரை எழுதுவது என்று அவை கேட்டன. கடாரமும் பூஜாங் பள்ளத்தாக்கும், மயில் வாகனம் உள்ள தோட்டக் கோயில்களும், பால் வடியும் மங்குகளும் லயத்து வீடுகளும் இந்த மண்ணில் வாழ்ந்த தமிழரின் ஊர்கள். 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும், 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை நடத்தும் மலாயாப் பல்கலைக்கழகமும், எழுத்தாளர் சங்கமும் உள்ள நாடு இது. மாணவர்கள் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்காமல் உள்ளே நின்று பேசிப் பார்க்க இந்த ஆட்டம் வழி தருகிறது. சட்டத்தில் தடையில்லை, உரிமத்தில் தடையில்லை, செலவும் பெரிதல்ல. எழுதுகிறவர்கள் முன்வந்தால், மாற்றுத் தேடலின் அடுத்த அத்தியாயம் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் எழுதப்படும்.